துளையும் சுமையும்: சலாபக் கரையிலிருந்து சார்ஜர் கம்பிகளின் வரலாறு

முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளில் ஒன்றான வேம்பார், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வட எல்லையில், விளாத்திகுளம் வட்டத்தில் இருக்கிறது. சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு நடந்த நூற்றாண்டுகளில் இந்தக் கடலில் எடுத்த முத்துக்கு விலை வைத்த முறை, தரப்படுத்தலின் வரலாற்றில் தனியாகப் பேசத் தக்கது. முத்துகளை முதலில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலிப்பார்கள். முதல் சல்லடையில் 20 துளை, பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளைகள் கூடக் கூட அவற்றின் வாய் சிறுக்கும். எந்தச் சல்லடையில் தங்கியது என்பதே முத்தின் பருமனைச் சொல்லிவிடும். ஆனால் வேலை அத்தோடு முடியாது. உருட்சியும் ஒளியும் பார்த்து வகை பிரித்து, சிறந்ததை ஆணி என்று தனியே வைத்து, கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறுத்த பிறகே விலை பேசுவார்கள். ஒரே சல்லடையில் தங்கிய இரண்டு முத்துகளுக்குள் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம் என்பதை அந்த முறை அறிந்திருந்தது. அந்த வேறுபாட்டைக் கண்டுசொல்லும் வழியையும் தன்னுள்ளேயே வைத்திருந்தது. 1961இல் தூத்துக்குடியில் நடந்த சலாபத்தோடு அந்தத் தொழில் ஓய்ந்தது. இன்று அதே கரையில் கைபேசிக்குச் சார்ஜ் போடும் கம்பிகளின் வரலாற்றைப் பார்த்தால், உலகம் சல்லடை வரைக்கும் வந்து நின்றுவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாயின் அளவு பொதுவாகிவிட்டது. அதன் வழியே எவ்வளவு போகும் என்று சொல்லும் இரண்டாம் வேலை இன்னும் பாதியில் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் கைபேசி பரவிய காலத்தில் சார்ஜர் என்றாலே 'பெரிய பின்னா, சின்ன பின்னா' என்ற கேள்விதான். நோக்கியாவின் 3.5 மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டைப் பின் பெரியது. அதன்பின் வந்த 2 மில்லிமீட்டர் பின் சின்னது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் உற்பத்தி தொடங்கி 2014இல் மூடும்வரை, இந்தக் கரையோர ஊர்களிலும் பலர் கையில் இருந்தது அந்தக் குடும்பத்துப் போன்தான். சாம்சங்குக்கு ஒரு வாய், சோனி எரிக்சனுக்கு இன்னொன்று, மோட்டோரோலாவுக்கு வேறொன்று. ஒரே கம்பியின் நுனியில் பல பின்கள் தொங்கும் மல்டி பின் சார்ஜர்கள் அந்தக் குழப்பத்துக்குச் சந்தை கண்ட மாற்று. அந்தக் காலத்தை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. பின் பொருந்தினால் பெரும்பாலும் மின்சாரமும் பொருந்தியது, பொருந்தாதது உள்ளேயே போகாது. பயனாளர் எந்த எழுத்தையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்த பொதுத் தரங்கள் தந்த நன்மைகளை எண்ணும்போது, அவற்றால் இழந்த இந்த ஒன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பொது வாய்க்கான முதல் அழுத்தம் அரசுகளிடமிருந்து வந்தது. 2006 டிசம்பரில் சீனா, சார்ஜர் பெட்டியின் பக்கம் யூ.எஸ்.பி. வாய்தான் இருக்க வேண்டும் என்று தரம் வகுத்தது. கம்பி பெட்டியிலிருந்து கழன்று தனிப் பொருளாவதற்கு அது வழிவகுத்தது. 2007இல் மைக்ரோ யூ.எஸ்.பி. வந்தது, நம் கடைகளில் அதற்கு வி8 என்று பெயர். 2009இல் கைபேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு, ஐரோப்பிய ஆணையம், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து அந்த வாயையே ஏற்றன. ஐரோப்பாவில் அது தன்விருப்ப ஒப்பந்தம். மாற்றுப் பின் கொடுத்தாலும் போதும் என்ற சலுகை அதில் இருந்தது. அந்த இடைவெளியில் ஆப்பிள் 2012இல் லைட்னிங் என்ற சொந்த வாயைக் கொண்டுவந்து 2023 வரை ஓட்டியது.

மைக்ரோ யூ.எஸ்.பி.யில் ஒரு நல்ல முடிவு அடங்கியிருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. செருகிப் பிடுங்கும்போது தேயும் வில் போன்ற பாகங்களைப் போனின் வாயிலிருந்து எடுத்துக் கம்பியின் நுனிக்கு மாற்றினார்கள். 5,000 முறை தாங்கும்படி வகுக்கப்பட்ட மினி வாய்க்குப் பதில் 10,000 முறை தாங்கும் வாய் கிடைத்தது. தேய்வது கம்பியானால் போகட்டும், வேறு வாங்கலாம். போனின் வாய் போனால் போனே போன மாதிரிதான். உப்பளமும் கடற்காற்றும் உள்ள கரைக்கு இந்த முடிவு பெரிது. ஈரமும் உப்பும் படிந்த வாயில் மின்சாரம் ஓடினால், ஐந்து வோல்ட் ஏறும் காலில்தான் அரிப்பு முதலில் பிடிக்கும். 2014இல் வந்த டைப் சி அதே கொள்கையைத் தொடர்ந்தது: வில்கள் கம்பியில், போனுக்குள்ளே ஒரு மெல்லிய நாக்கு மட்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறும் என்பதால், இருட்டில், படகு ஆடும்போது, தலைகீழாக அழுத்தி வாயை உடைக்கும் ஆபத்தும் குறைந்தது.

டைப் சியை 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கியது. 2024 டிசம்பர் 28 முதல் கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் கேமராக்களுக்கும் அது கட்டாயம். இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டிலும் நவம்பரிலும் நிறுவனங்களைக் கூட்டிப் பேசியது. ஸ்மார்ட்போன், டேப்லெட், மடிக்கணினி ஆகியவற்றுக்கு டைப் சி என்று இணக்கம் ஏற்பட்டது. 2023 ஜனவரியில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62680-1-3:2022 என்ற தரத்தை வெளியிட்டது. தரத்தை வெளியிட்டதாலேயே அது கட்டாயமாகிவிடாது, அதற்குத் தனி ஆணை வேண்டும். அதைவிட முக்கியமானது அந்த நவம்பர்க் கூட்டத்தில் எழுந்த இன்னொரு யோசனை: பட்டன் போன்களுக்கு வேறு வாய் இருக்கலாம் என்பது.

இந்தக் கட்டத்தில்தான் சல்லடை உவமை தன் வேலையைச் செய்கிறது. நம் வீட்டுச் சுவரில் 6 ஆம்பியர் பிளக்கின் கால் மெல்லியது, 16 ஆம்பியர் பிளக்கின் கால் தடித்தது. அதனால் தண்ணீர் மோட்டாரின் பிளக்கை விளக்குப் பிளக்குக்கான துளையில் யாரும் சொருக முடியாது. அங்கே வடிவமே சுமையைச் சொல்கிறது. டைப் சி அப்படிச் சொல்வதில்லை. சாதாரண டைப் சி கம்பி 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்க வேண்டும். 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கம்பிக்குள் அடையாளம் சொல்லும் சிறு சில்லு இருக்க வேண்டும். 2021இல் உச்சவரம்பு 240 வாட் ஆனது. தரவு இழைகளே இல்லாமல் சார்ஜுக்கு மட்டுமான கம்பியும் உண்டு. தங்கள் சொந்த வேகச் சார்ஜுக்குத் தங்கள் பெட்டியும் கம்பியும் சேர்ந்தால்தான் முழு வேகம் என்று வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பழைய பெட்டியிலிருந்து டைப் சிக்குப் போகும் கம்பியில் 56 கிலோ ஓம் தடை இருக்க வேண்டிய இடத்தில் 10 கிலோ ஓம் வைத்துவிட்டால், பெட்டி தரமுடியாத மின்சாரத்தைப் போன் கேட்கும். 2015 முதல் கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் கடைக் கம்பிகளை வாங்கிச் சோதித்து இப்படிப்பட்டவற்றை அம்பலப்படுத்தினார். 2016இல் தவறாக இணைத்த ஒரு கம்பி அவருடைய மடிக்கணினியையே பாழாக்கியது.

பொது வாயைக் கட்டாயமாக்கி, கம்பியின் திறனை அதன் மேலேயே எழுத வேண்டும் என்பதற்கு எதிராக எழும் வாதங்களில் வலுவானது, சட்டம் வாயை உறைய வைத்தால் புதியது பிறக்காது என்பது. ஆப்பிள் ஐரோப்பாவில் வைத்த வாதமும் அதுதான். ஆனால் 100 வாட்டிலிருந்து 240 வாட்டுக்கு ஏறியபோது வாய் மாறவில்லை. புதுமை வாயின் வடிவத்தில் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வாய்க்குப் பின்னால் நடக்கும் பேச்சில் நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது, கம்பியில் எழுதினால் யார் படிப்பார்கள் என்பது. ஆம்பியரைப் படிக்காதவர் வீட்டிலும் பெரிய பிளக், சின்ன பிளக் வேறுபாடு தெரியும். விளக்கு வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்காதவர் குறைவு. நம் மக்கள் எண்ணைப் படிக்கிறார்கள். கம்பியில்தான் எண் இல்லை. சான்று பெற்ற கம்பிகளுக்கு 60, 240 என்ற முத்திரைகள் 2021இலேயே வகுக்கப்பட்டுவிட்டன. சான்று பெறாத கம்பிகள் குவியும் சந்தையில் அவை கண்ணில் படுவதே அரிது. மூன்றாவது வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை: மாற்றமே குப்பையை உண்டாக்குகிறது. வீடுகளில் உள்ள வி8 கம்பிகள் ஒருநாள் வீணாகத்தான் போகும். ஒரே தடவையில் முடிந்தால் அந்த இழப்பைத் தாங்கலாம். பட்டன் போனுக்கு வேறு வாய் என்று வைத்தால் அது முடியவே முடியாது.

கரையில் இந்தக் கேள்வி வசதியைப் பற்றியது மட்டும் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல், கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலையைத் தென்கோடிக் கரைகளுக்குக் காட்டியது. அதன்பின் வந்த கருவிகளில் ஒன்று, 2019இல் ஹைதராபாத்தின் கடல்சார் தகவல் மையம் வெளியிட்ட ஜெமினி. கைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்திலும் அது செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும். பெற்றதைப் புளூடூத் வழியே மீனவரின் போனுக்கு அனுப்பும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியும் அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம் ஆகியவற்றைப் போனில்தான் காட்டுகிறது. ஆகவே படகின் 12 வோல்ட் பேட்டரிக்கும் போனுக்கும் நடுவே உள்ள அந்த ஒரு முழக் கம்பி, எச்சரிக்கை வரும் பாதையின் கடைசிக் கண்ணியாகிவிட்டது. படகில் இரண்டு பேரிடம் டைப் சியும் ஒருவரிடம் வி8உம் இருந்தால், ஒருவர் கம்பி போனால் அடுத்தவர் கம்பி உதவாது. மலிவு போன் வைத்திருப்பவரே தனி வாயோடு ஒதுங்கி நிற்க நேர்ந்தால், பொதுத் தரம் அதிகம் தேவைப்படுகிறவரைத்தான் அது விட்டுவிடுகிறது.

எனவே செய்ய வேண்டியவை இரண்டு என்பது என் முடிவு. பட்டன் போனையும் அதே வாய்க்குள் கொண்டுவர ஒரு தேதி குறிக்க வேண்டும், பழைய கம்பிகளைக் கடையிலேயே திரும்பப் பெறும் ஏற்பாட்டோடு. அத்துடன், இந்தியாவில் விற்கும் எந்த டைப் சி கம்பியானாலும், எத்தனை வாட் தாங்கும், தரவு போகுமா போகாதா என்பவற்றை நுனியின் மேலேயே, உப்பில் அழியாத எழுத்தில் பொறித்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டால் போதாது. பெட்டி கடையிலேயே தங்கிவிடும், கம்பிதான் படகேறும்.