ஜான் பி. குட்இனஃப்

ஜான் பானிஸ்டர் குட்இனஃப் (25 ஜூலை 1922 – 25 ஜூன் 2023) அமெரிக்கப் பொருளறிவியலாளர், திண்மநிலை இயற்பியலாளர். லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியதில் ஆற்றிய பங்குக்காக 2019ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 97. அவ்வளவு முதிய வயதில் அதற்கு முன் யாரும் நோபல் பரிசு பெற்றதில்லை. பேட்டரி விஞ்ஞானி என்றே ஊடகங்கள் அவரை அறிமுகப்படுத்தின. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளை ஆண்டு வரிசைப்படி பார்த்தால் இந்த அறிமுகம் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். முதல் 20 ஆண்டுகளின் முக்கியமான எழுத்துகளில் பேட்டரிக்கு இடமே இல்லை. உலோக ஆக்சைடுகளுக்குள் எலெக்ட்ரான்கள் எங்கே தங்குகின்றன, எப்போது நகர்கின்றன என்பதுதான் அவர் கடைசிவரை கேட்ட கேள்வி. பேட்டரி அதன் ஒரு கிளை.

ஜெர்மனியின் யேனா நகரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தை எர்வின் குட்இனஃப் யேல் பல்கலைக்கழகத்தில் சமய வரலாற்றுப் பேராசிரியர். சிறுவயதில் எழுத்துகளைப் படிப்பதில் ஜானுக்குப் பெரும் இடர்ப்பாடு இருந்தது. அது ஒரு கற்றல் குறைபாடு என்பதை அக்காலத்தில் யாரும் கண்டறியவில்லை. யேலில் கணிதம் படித்து முடித்து, இரண்டாம் உலகப்போரில் ராணுவ வானிலையாளராகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். இயற்பியலில் சாதித்தவர்கள் இந்த வயதுக்குள் சாதித்து முடித்திருப்பார்கள் என்று அங்கே ஒரு பேராசிரியர் அவரிடம் சொன்னாராம். அப்போது அவருக்கு வயது சுமார் 24தான். கிளாரன்ஸ் ஜீனரின் வழிகாட்டுதலில் 1952இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் சேர்ந்தார். அமெரிக்க வான்பாதுகாப்புக் கணினிக்கான நினைவகத்தை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். சின்னஞ்சிறு ஃபெர்ரைட் வளையங்களைக் கம்பிகளில் கோத்து, ஒவ்வொரு வளையத்தின் காந்தத் திசையிலும் 0 அல்லது 1 என ஒரு பிட்டைப் பதிவது திட்டம். இதற்குக் காந்தத் திசை சட்டென்று புரள வேண்டும், புரண்டபின் அப்படியே நிலைக்கவும் வேண்டும். பீங்கான் போன்ற ஆக்சைடில் அந்தப் பண்பு வராது என்று கருதியவர்கள் இருந்தார்கள். ஆனால் வந்தது. ஏன் வந்தது என்று அலசியபோதுதான் குட்இனஃப் தன் வாழ்நாள் துறைக்குள் நுழைந்தார்.

1955இல் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ இதழில் லாந்தனம் மாங்கனைட்டுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை அவருடைய பட்டியலில் முதல் மைல்கல். பெரோவ்ஸ்கைட் அமைப்புள்ள இந்த ஆக்சைடுகளில் அடுத்தடுத்த மாங்கனீசு அணுக்களின் காந்தத் திசை சில இடங்களில் ஒத்தும் சில இடங்களில் எதிர்த்தும் நிற்பதை ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வோலனும் கோலரும் நியூட்ரான் கதிர்களைக் கொண்டு கண்டிருந்தார்கள். மாங்கனீசின் எலெக்ட்ரான் மண்டலங்கள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன, நடுவிலுள்ள ஆக்சிஜனுடன் எப்படிப் பிணைகின்றன என்பதை வைத்தே அந்தத் திசைகளைச் சொல்லிவிடலாம் என்று குட்இனஃப் காட்டினார். பாதி நிரம்பிய இரு மண்டலங்கள் ஆக்சிஜனின் இருபுறமும் நேர்கோட்டில் நின்றால் திசைகள் எதிராகும். ஒன்று பாதி நிரம்பியும் மற்றது காலியாகவும் இருந்தால் ஒத்திருக்கும். 1959இல் ஜப்பானியர் ஜுன்ஜிரோ கனமோரி இதைச் செம்மைப்படுத்தினார். குட்இனஃப்–கனமோரி விதிகள் என்ற பெயரில் இன்றும் திண்மநிலைப் பாடநூல்களில் அவை உள்ளன. 1963இல் வெளிவந்த ‘காந்தமும் வேதிப் பிணைப்பும்’ என்ற ஆங்கில நூல் இந்தச் சிந்தனையின் முழு வடிவம். இயற்பியலாளர் ஒருவர் வேதியியலாளரின் பார்வையை இவ்வளவு தாராளமாக ஏற்றுக்கொண்ட நூல் அக்காலத்தில் அரிது.

1970களில் எரிபொருள் நெருக்கடி வந்தது. ராணுவ நிதியில் நடக்கும் ஆய்வுகள் ராணுவத் தேவைக்கே பயன்பட வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமும் கெடுபிடி செய்தது. குட்இனஃப் ஆற்றல் பொருட்களின் பக்கம் திரும்பினார். 1976இல் ஹென்றி ஹாங், கஃபாலஸ் ஆகியோருடன் சோடியம் அயனிகள் எளிதாக நகரக்கூடிய ஒரு திண்ம மின்பகுளியை அறிவித்தார். ‘நாசிகான்’ என்ற அந்தப் பொருட்குடும்பம் சோடியம் மின்கல ஆய்வில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் அவரைக் கனிம வேதியியல் ஆய்வகத்தின் தலைவராக அழைத்தது. வேதியியலில் பட்டம் இல்லாத ஒருவரை வேதியியல் ஆய்வகத்துக்குத் தலைமை தாங்க வைத்த துணிச்சலுக்கு ஆக்ஸ்போர்டைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்போது விட்டிங்காம் எக்ஸான் நிறுவனத்தில் டைட்டானியம் டைசல்ஃபைடைக் கொண்டு சுமார் 2.4 வோல்ட் தரும் லித்தியம் மின்கலத்தைச் செய்து காட்டியிருந்தார். குட்இனஃப் தன் பழைய கேள்வியை இதன் முன் வைத்தார். மின்கலத்தின் மின்னழுத்தத்துக்கு உச்சவரம்பு போடுவது எது? கந்தகத்தின் எலெக்ட்ரான் பட்டை ஆற்றலில் உயரத்தில் இருப்பதால் உலோக அயனியின் மட்டம் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஆக்சிஜனின் பட்டை இன்னும் தாழ்வானது. ஆகவே ஆக்சைடில் கூடுதல் மின்னழுத்தம் கிடைக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்திருந்த கோயிச்சி மிசுஷிமாவும் பிலிப் வைஸ்மனும் அடுக்கு அமைப்புள்ள ஆக்சைடுகளிலிருந்து, அமைப்பு குலையாமல் எவ்வளவு லித்தியத்தை வெளியே எடுக்கலாம் என்று சோதித்தார்கள். லித்தியம் கோபால்ட் ஆக்சைடில் பாதிக்கு மேல் எடுக்க முடிந்தது. மின்னழுத்தம் 4 வோல்ட். 1980இல் ‘மெட்டீரியல்ஸ் ரிசர்ச் புல்லட்டின்’ இதழில் 7 பக்கக் கட்டுரையாக இது வெளியானது.

காப்புரிமை எடுக்க ஆக்ஸ்போர்டு முன்வரவில்லை. ஹார்வெல் அணுசக்தி ஆய்வு நிலையம் எடுத்துக்கொண்டது. உரிமையை குட்இனஃப் எழுதிக்கொடுத்துவிட்டார். யோஷினோ கார்பன் எதிர்மின்வாயைச் சேர்க்க, 1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கில் விற்ற அந்தப் பொருளிலிருந்து குட்இனஃபுக்கு ராயல்டி ஏதும் வரவில்லை.

1983இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மைக்கேல் தாக்கரேயுடன் மாங்கனீசு ஸ்பைனல் என்ற ஆக்சைடு பற்றிய கட்டுரை வந்தது. 1986இல் ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்தார். ஆக்ஸ்போர்டில் அவரிடம் சேர்ந்திருந்த ஆறுமுகம் மந்திரமும் உடன் சென்றார். மந்திரம் தமிழ்நாட்டில் பிறந்து மதுரையில் படித்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். இருவரும் அடுத்து இரும்பின் பக்கம் திரும்பினார்கள். அதன் விலை மலிவு. ஆனால் சாதாரண இரும்பு ஆக்சைடு தரும் மின்னழுத்தம் குறைவு. ஆக்சிஜனுக்கு அப்பால் கந்தகமோ மாலிப்டினமோ நின்று எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்தால் இரும்பின் ஆற்றல் மட்டம் தாழும், மின்னழுத்தம் உயரும் என்பதை இருவரும் 1987, 1989 கட்டுரைகளில் நிறுவினார்கள். இரும்பு மாலிப்டேட்டில் 3.0 வோல்ட், அதே அமைப்புள்ள இரும்பு சல்ஃபேட்டில் 3.6 வோல்ட். என் கணிப்பில், அவருடைய பட்டியலில் மிக அழகான வாதம் இதுதான். உலோகம் அதே இரும்பு, அமைப்பும் அதேதான். இரண்டாம் வரிசையில் நிற்கும் அணு மட்டுமே வேறு.

இந்தத் தடத்தில்தான் 1997இல் பாதி என்ற ஆய்வாளருடனும் நஞ்சுண்டசாமியுடனும் எழுதிய லித்தியம் இரும்பு பாஸ்பேட் கட்டுரை வந்தது. குறைந்த மின்திறன் போதுமான கருவிகளுக்கு இந்தப் பொருள் நன்கு ஏற்றது என்று கட்டுரை அடக்கத்தோடு சொன்னது. பின்னால் துகள்களுக்குக் கரிப்பூச்சு கொடுக்கும் முறை வந்ததும் நிலைமை மாறியது. இன்று மின்சாரக் கார்களிலும் பேருந்துகளிலும் அது பரவலாக ஓடுகிறது.

அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் 500க்கும் அதிகம். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. மரியா ஹெலினா பிராகாவுடன் 2017இல் வெளியிட்ட கண்ணாடி மின்பகுளி ஆய்வை மின்வேதியியலாளர் பலர் ஐயத்தோடு பார்த்தார்கள். இரு மின்வாய்களிலும் லித்தியமே படிந்தால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற அவர்களின் கேள்வி நியாயமானதே. ஆனால் 2011இல், 89ஆம் வயதில், ‘சயின்ஸ்’ இதழில் யாங் ஷாவ்-ஹார்ன் குழுவினருடன் அவர் பங்கேற்ற கட்டுரை வேறு வகை. நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பெரோவ்ஸ்கைட் வினையூக்கியின் திறனை உலோகத்தின் எலெக்ட்ரான் எண்ணிக்கையைக் கொண்டு கணிக்கும் அந்த வேலையில் 1955இன் கை அப்படியே தெரிகிறது.

2001இல் ஜப்பான் பரிசு, 2009இல் என்ரிக்கோ ஃபெர்மி விருது, 2019இல் ராயல் சொசைட்டியின் கோப்ளே பதக்கம் என்று விருதுகள் தாமதமாகவே வந்தன. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். 1951இல் மணந்த மனைவி ஐரீன் வைஸ்மன் 2016இல் காலமானார், குழந்தைகள் இல்லை. 101ஆம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் குட்இனஃப் ஆஸ்டினில் இறந்தார். அவருடைய எழுத்தை நேரடியாகப் படிக்க விரும்பும் மாணவர்கள் புகழ்பெற்ற 1980 கட்டுரையை விட்டுவிட்டு, 1963 நூலிலிருந்து தொடங்குவது நல்லது.