கடன் துண்டும் கிளினிக் கொப்பியும்: கஹவத்தைத் தோட்டங்களில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பு

இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டியவுக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள கஹவத்தையைச் சுற்றி எந்தானை, ஹவுப்பே முதலிய தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இத்தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளருக்குப் புற்றுநோய் கண்டால் சிகிச்சை பெற இன்று வழி உண்டு. ஆயினும் அச்சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு யார் கவனிப்பது என்ற கேள்விக்குத் தோட்டத்தில் தெளிவான விடை இல்லை. இந்த இடைவெளி அண்மைக்காலத்துக் குறை மட்டுமன்று. தோட்டப்புற மருத்துவம் எந்த நோக்கத்துக்காகக் கட்டப்பட்டதோ அந்த நோக்கத்திலேயே அதன் வேர் உள்ளது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டங்களிலும் பெருந்தொகையாக மடிந்ததையடுத்து, 1872இல் இலங்கை அரசு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளும் மருந்தகங்களும் அமைக்கவும், அவற்றின் செலவில் ஒரு பங்கைத் தோட்ட உடைமையாளரிடமிருந்து பெறவும் அச்சட்டம் வகை செய்தது. 1912இல் வந்த சட்டங்கள் தொழிலாளரின் உடல்நலம் குறித்த தோட்ட நிர்வாகத்தின் கடமைகளை மேலும் விரித்தன. இவையனைத்தும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கொக்கிப்புழு போன்று சில நாட்களிலோ வாரங்களிலோ தீரும் நோய்களையே கருத்தில் கொண்டிருந்தன. 1916 அளவில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் மருந்து கொடுத்துத் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, விரைவில் திருப்பி அனுப்பவே முயன்றது. நோயாளி வேலைக்குத் திரும்பினால் மருத்துவத்தின் பணி முடிந்தது என்பதே அக்கால வழக்கு.

அதே காலத்தில் தொழிலாளரை விடாமல் பின்தொடர்ந்த ஒரு தாள் இருந்தது. அது கடன் தாள். ஆட்களைத் திரட்டி வந்த கங்காணியும் அவரது ஆட்களும் தோட்டத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைக் குறித்து, அதைக் கட்டித் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் துரை, அதாவது தோட்ட அதிகாரி, எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும்போதும் அக்கடன் ஆளோடு கூடவே போயிற்று. 1921இல் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கடனுக்கு இத்தனை நுணுக்கமாக ஏடு வைத்த அமைப்பு, அந்த ஆளின் உடம்புக்கு அப்படியொரு ஏட்டை ஒருபோதும் உருவாக்கவில்லை. என்ன நோய், என்ன சிகிச்சை, அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பவை தோட்ட டிஸ்பென்சரின் நினைவிலும் மருந்தகப் பதிவேட்டிலும் தங்கின. டிஸ்பென்சர் மாறினால் அந்த நினைவும் மறைந்தது.

இந்த நிலைக்கு ஒரேயொரு பெரிய விதிவிலக்கு தாய்சேய் நலம். 1939இல் வந்த மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளைப்பேற்றை ஒட்டிய விடுப்புக்கும் கொடுப்பனவுக்கும் சட்ட வலு தந்தது. நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு வளர்ந்தபோது கர்ப்பிணியின் அட்டையும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல மருத்துவ மாதும் தோட்டங்களை எட்டினர். ஒருவரை நோயில்லாத நாளிலும் தேடிச் சென்று பார்ப்பது என்ற வழக்கம் லயத்துக்கு இவ்வாறே அறிமுகமாயிற்று.

புற்றுநோயோ தோட்டத்தின் அன்றாடப் பழக்கத்தோடு பிணைந்து வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்த்து மெல்லுவது மங்கல மரபாகவும், மலையில் பசியையும் அலுப்பையும் அடக்கும் வழியாகவும் இருந்து வந்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு புற்றுநோயை உண்டாக்கும் என்று 1985இலும், புகையிலை சேராத கூட்டும் பாக்கும்கூட அவ்வாறே என்று 2004இல் வெளியான மதிப்பீட்டிலும் அறிவித்தது. இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் நிற்பது வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோயே. சப்ரகமுவ மாகாணத்தில் 30 வயதைக் கடந்த 1,029 பேரிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு, புற்றுநோயாக மாறக்கூடிய வாய்ப்புண்களும் வெண்திட்டுகளும் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரிடம் இருப்பதாகக் கணக்கிட்டு, வெற்றிலை மெல்லுவதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டியது.

சிகிச்சைக்கான அமைப்புகள் தலைநகரை அண்டியே வளர்ந்தன. 1950களின் பிற்பகுதியில் மஹரகமவில் உருவான, இன்று அபேக்ஷா எனப்படும் புற்றுநோய் வைத்தியசாலையே நீண்ட காலம் சப்ரகமுவ நோயாளிகளுக்குப் போக்கிடமாக இருந்தது. 1980இல் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் 1985இல் புற்றுநோய்ப் பதிவேடும் தொடங்கின. பின்னாளில் இரத்தினபுரியிலும் புற்றுநோய்ப் பிரிவு அமைந்தது. கொழும்பிலிருந்து மஹரகம, அவிசாவளை, இரத்தினபுரி வழியாகப் பெல்மதுளைக்கு வரும் நெடுஞ்சாலை ஒன்றேயாதலால், வரைபடத்தில் வழி நேராகத்தான் தெரிகிறது. ஆயினும் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்க வரை ஓடிய களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1970களில் நின்றுபோன பிறகு, நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட இப்பயணம் பஸ்ஸையே நம்பியதாயிற்று.

பயணத்தின் விலை பஸ் கட்டணத்தோடு முடிவதில்லை. நாட்கூலி பெறும் தொழிலாளி கிளினிக்குக்குச் சென்ற நாளில் ‘பேர்’, அதாவது அன்றைய சம்பளக் கணக்கு, விழாது. துணைக்குச் சென்றவருக்கும் விழாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோது, தொழிலாளரின் உடல்நலம் சுகாதார அமைச்சுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் 1992இல் தொடங்கிய பெருந்தோட்ட நலன்புரி நிதியத்துக்கும் இடையில் பகிரப்பட்டது. பொறுப்பு பலருக்கும் உரியதாகும்போது நோயாளியை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் எவர் என்பது மங்கிப்போகிறது.

சிகிச்சைக்குப் பின்னான பராமரிப்பு என்பது நோய் திரும்புகிறதா என்று பார்ப்பது மட்டுமன்று. வாய்ப்புற்றுநோய் மீண்டும் தோன்றும் ஆபத்து முதல் இரண்டு ஆண்டுகளில் மிகுதியாதலால், அக்காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு வரை சற்று நீண்ட இடைவெளியிலும், பிறகு ஆண்டுக்கொருமுறையும் வாயையும் கழுத்தையும் சோதிப்பது வழக்கம். கதிர்ச் சிகிச்சை பெற்றவருக்கு உமிழ்நீர் வற்றும், பல் விரைவில் சொத்தையாகும், வாய் திறப்பது குறுகும். கதிர் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும் என்பதால், கதிர்ச் சிகிச்சை பெற்றதைப் பல் வைத்தியரிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். கழுத்தில் கதிர் பட்டிருந்தால் தைரொயிட் சுரப்பி மந்தமாகிறதா என்று இரத்தப் பரிசோதனையும் தேவை. வெற்றிலையைக் கைவிடுவது இவையனைத்திலும் முதன்மையானது. லயத்தில் எல்லோரும் வெற்றிலைத் தட்டத்தை நீட்டும்போது ஒருவர் மட்டும் மறுப்பதற்கு அவருடைய வீட்டாரின் துணை வேண்டும்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்ணுக்குத் தேவைகள் வேறு. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள், அதாவது உடல்நீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள், அகற்றப்பட்டால் அந்தக் கை வீங்கக்கூடும்; தேயிலைச் செடியின் குச்சி கீறிய சிறு காயமும் அங்கே பெரிய கிருமித்தொற்றாகலாம். நாள் முழுவதும் இரு கையாலும் கொழுந்து எடுத்து, நிறுவைக்குக் கூடையைச் சுமந்து செல்லும் ஒருவருக்கு, இலகுவான வேலைக்கு மாற்றம் தரும் மருத்துவச் சான்றும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஹோர்மோன் சார்ந்த நோயாயின் ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ மாத்திரை தொடர வேண்டும் என்பதும், உடம்பு தேறிவிட்டதென்று அதை இடையில் நிறுத்தக் கூடாது என்பதும் அவருக்குத் தமிழில் விளக்கப்பட வேண்டும்.

சிகிச்சை முடிந்தவர் கவனிப்பாரின்றி விடப்படுவது உலகளாவிய குறை. 2005இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவகத்தின் (Institute of Medicine) அறிக்கை ஒன்று, சிகிச்சையை முடித்த ஒவ்வொருவரிடமும், பெற்ற சிகிச்சையின் சுருக்கமும் இனிச் செய்ய வேண்டிய பரிசோதனைகளும் எழுதப்பட்ட ஒரு திட்டத்தாள் இருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. இலங்கையும் 2019–2023 காலத்துக்கு, வலியையும் துயரையும் தணிக்கும் பராமரிப்புக்கான தேசியச் சட்டகம் ஒன்றை வகுத்தது. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். தமிழ் 1987 முதல் ஆட்சிமொழியாகவும் இருக்கிறது. எனினும் நோயாளியின் கிளினிக் கொப்பி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுவதால், அதைச் சுமந்து செல்பவருக்கே அது வாசிக்க முடியாத தாளாகிறது.

கஹவத்தைத் தோட்டங்களுக்குத் தேவையானது புதிய கட்டடமன்று. கர்ப்பிணிக்கு அட்டை எழுதி, வீடு தேடிச் சென்று, தவணை தவறினால் விசாரிக்கும் முறை அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. அதே முறை புற்றுநோயிலிருந்து மீண்டவருக்கும் விரிய வேண்டும். தமிழில் எழுதிய ஒரு தாள், கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு, கஹவத்தை ஆதார வைத்தியசாலையிலேயே முடியக்கூடிய பரிசோதனைகளை அங்கேயே முடிக்கும் ஒழுங்கு, தவணை தவறியவரைத் தேடிச் செல்லும் ஓர் ஊழியர் ஆகிய நான்கும் இதற்குப் போதுமான தொடக்கம். ஒரு நூற்றாண்டுக்கு முன் தொழிலாளியின் கடனை ஒரு சதமும் தவறாமல் எழுதிப் பின்தொடர முடிந்த தோட்ட அமைப்புக்கு, இன்று அவரது உயிரை அதே கவனத்தோடு எழுதிப் பின்தொடர்வது இயலாத காரியமன்று; அது அமைப்பின் கடமை.