ராஜபாளையம் குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல காது கேட்குதான்னு பாருங்க! நாய்களுக்கு பரம்பரை நோய் பரிசோதனை ஏன் அவசியம்?

சம்பாவுக்கு விதைநெல் வாங்கும்போது, மூட்டையில் சான்று விதைக்கான நீல அட்டை இருக்கான்னு டெல்டா விவசாயி பார்ப்பார். ஆனா, தோப்புக்கும் வீட்டுக்கும் காவலுக்கு வாங்கும் நாய்க்குட்டி விஷயத்தில், 'ஒரிஜினல் ஜாதி' என்ற வாய் வார்த்தையே போதும் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

ராஜபாளையம் நாய்க்கு என்ன பிரச்சனை?

பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. இதுதான் ராஜபாளையத்தின் அடையாளம். தலைமுறை தலைமுறையாக இந்த வெள்ளைக்காகவே ஜோடி சேர்த்ததில், பிறவிக் காது கேளாமையும் சில குட்டிகளுக்கு கூடவே வந்துவிடுகிறது. காரணம், ரோமத்துக்கு நிறம் தரும் செல்கள்தான் உட்காதின் வேலைக்கும் தேவை. அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷியன் இனத்திலும் இதே பிரச்சனை உண்டு. வெள்ளையாக இருக்கும் எல்லா நாயும் செவிடு என்று அர்த்தமில்லை.

கை தட்டிப் பார்த்தால் தெரியாதா?

முழுசா தெரியாது. தரை அதிர்வை உணர்ந்தோ, மற்ற குட்டிகளைப் பார்த்தோ அதுவும் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். அதை இனப்பெருக்கத்துக்கு விட்டால் பிரச்சனை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

இதற்கு 'பேர்' என்ற பரிசோதனை இருக்கிறது. காதில் 'கிளிக்' ஒலி கொடுத்து, மூளையில் எழும் மின்னலைகளை கம்ப்யூட்டர் பதிவு செய்யும். குட்டிக்கு 5 வாரம் ஆனதும் செய்யலாம். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக முடிவு தெரிந்துவிடும்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கு?

இவற்றில் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு அதிகம். குட்டியாக இருக்கும்போது நல்லாத்தான் ஓடும். எனவே தாய், தந்தை நாய்களுக்கு எக்ஸ்ரே எடுக்கணும். அமெரிக்காவில் 2 வயது முடிந்த பிறகே இதற்கு இறுதிச் சான்று தருகிறார்கள்.

லேப்ரடாரில் பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரை நோயும் உண்டு. இதை டி.என்.ஏ பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். குறைபாட்டு மரபணுவை ஒன்று மட்டும் சுமக்கும் நாய்க்கு நோய் வராது. ஆனால், அப்படி இரண்டு நாய்கள் சேர்ந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. குறைபாடு இல்லாத நாயோடு சேர்த்தால் இந்த நோய் குட்டிகளுக்கு வராது. ஆக, பரிசோதனை என்பது நாயை ஒதுக்க அல்ல, சரியான ஜோடி பார்க்கத்தான்.

'பேப்பர்' இருந்தா போதாதா?

போதாது. கென்னல் கிளப் பதிவுச் சான்று என்பது வம்சாவளிக்குத்தான். உடல்நலத்துக்கு அது உத்தரவாதம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி, வளர்ப்பாளர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. ஒரு பெண் நாய் ஆயுளில் 5 முறைக்கு மேல் குட்டி போட வைக்கக்கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. நெருங்கிய ரத்த உறவில் ஜோடி சேர்ப்பதற்கும் தடை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* தாயையும் தந்தையையும் நேரில் பார்க்க முடியுமா?
* இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவையா?
* காது, இடுப்பு, கண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா?
* முந்தைய ஈற்றுக் குட்டிகள் எப்படி இருக்கின்றன?

தஞ்சை மாவட்டத்தில் ஒரத்தநாடு அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2012 முதல் இயங்குகிறது. எந்தப் பரிசோதனை உள்ளூரிலேயே முடியும், எதற்கு மாதிரியை வெளியே அனுப்பணும் என்று கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே காது கேளாத நாய் இருக்கிறதா? கவலை வேண்டாம். கை சைகையில் பழக்கலாம், ரோட்டில் மட்டும் கயிறு இல்லாமல் விடாதீங்க. கருத்தடை செய்துவிடுங்கள். மற்றபடி எல்லா நாயையும் போல அதுவும் சந்தோஷமாக வாழும்.