இணக்கமும் சரணாகதியும்

1947இல் நுவரெலியா வாக்காளர் சௌமியமூர்த்தி தொண்டமானைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

1964இல் இலங்கையும் இந்தியாவும் ஓர் இணக்கத்துக்கு வந்தன: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. பங்கிடப்பட்ட மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. பிறர் தலையை ஈடுவைத்துச் செய்வது சமரசமாகாது.

தொண்டமான் நாடிய இணக்கம் வேறு. 1978இல் அமைச்சரவையில் அமர்ந்தார். எனினும் 1986 ஜனவரியில் பிரஜாவுரிமை கோரித் தொழிலாளர் பிரார்த்தனையில் இறங்கியபோது, அமைச்சராயிருந்தே அவர்களை வழிநடத்தினார். அரசு இணங்கிற்று, 1988இல் சட்டம் பிறந்தது. எஞ்சியோருக்கு 2003இல் வழி திறந்தது. அதைக் காண அவர் இல்லை.

அதற்குள் பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறிவிட்டன என்பதையும் மறத்தலாகாது. வழியில் வளைந்து கொடுக்கலாம்; குறிக்கோளில் வளைதல் கூடாது. இணக்கத்தையும் சரணாகதியையும் பிரிக்கும் கோடு அதுவே.