தூக்குமேடையும் ஒரு பிரதமரின் வேண்டுகோளும்

1956ஆம் ஆண்டிலே பிரதம மந்திரியாகப் பதவியேற்ற எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கா, இலங்கையில் தூக்குத் தண்டனையை நிறுத்திவைக்க முற்பட்டார். 1958இல் நிறைவேறிய சட்டம் அத்தண்டனையை மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தியது. அது ஒரு பரீட்சை, முடிந்த முடிபன்று. பரீட்சையின் பயனை ஆராய்வதற்கு, அவுஸ்திரேலியச் சட்ட அறிஞர் நோர்வல் மொறிஸ் தலைமையில் ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. தூக்குக் கயிறு கொலையைத் தடுக்கின்றது என்பதற்குத் தக்க சான்று அக்குழுவுக்குக் கிட்டவில்லை. இதில் வியப்பில்லை. காணித் தகராற்றிலோ திடீர்ச் சினத்திலோ கத்தியை உருவுகின்றவன், அந்தக் கணத்திலே தண்டனைச் சட்டக்கோவையை எண்ணிப் பார்ப்பதில்லையல்லவா?

1959 செப்டெம்பர் 25ஆந் திகதி காலை, கொழும்பிலே தம் இல்லத்துக்கு வந்திருந்த பிக்கு ஒருவரை வணங்குதற்குப் பிரதமர் குனிந்தார். வந்தவர் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். அவர் தல்துவே சோமராம தேரர். ஆயுர்வேதக் கண் வைத்தியர். மருத்துவமனையிலிருந்து நாட்டுக்கு விடுத்த செய்தியிலே, தம்மைச் சுட்டவர்மீது பழிதீர்க்க வேண்டாமெனப் பண்டாரநாயக்கா வேண்டிக்கொண்டார். மறுநாள் அவர் உயிர் பிரிந்தது.

அவ்வேண்டுகோள் எடுபடவில்லை. நாடெங்கும் சினம் மூண்டிருந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே பாராளுமன்றம் மரண தண்டனையை மீண்டும் கொணர்ந்தது. முன்னர் நிகழ்ந்த கொலைகளையும் தழுவுமாறு அதற்குப் பின்னோக்கிய வலுவும் அளித்தது. குற்றம் நிகழ்ந்த நாளில் நடைமுறையில் இல்லாத தண்டனையை அக்குற்றத்திற்கு விதிப்பது, நீதியின் பழைய நெறிக்கு மாறானதே.

1961இல் மூவர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயினர்: சோமராமர், களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கித தேரர், வர்த்தகர் எச். பி. ஜயவர்த்தன. 1956ஆந் தேர்தலிலே பண்டாரநாயக்காவின் வெற்றிக்குப் பெரிதும் உழைத்தவர் புத்தரக்கித தேரர். மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆயின் மேன்முறையீட்டிலே ஒரு குறை வெளிப்பட்டது. புதிய சட்டம் கொலையை மாத்திரமே பின்னோக்கித் தழுவிற்று. கொலைச் சதியைத் தழுவவில்லை. சினத்தின் சூடாறுமுன் வரைந்த சட்டத்திலே இத்தகைய ஓட்டை விழுவது புதுமையன்று. இதனால், சதி செய்தோர் இருவரின் தண்டனை ஆயுட்காலச் சிறையாகக் குறைந்தது. சதியின் தலைவரெனக் கருதப்பட்டவர் உயிர் தப்பினார். அவருடைய ஏவலைச் செய்தவருக்குத் தூக்கு நிலைத்தது.

சோமராமர் 1962 ஜூலை 6ஆந் திகதி வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். அதற்குச் சில காலம் முன்னர் அவர் காவியைத் துறந்து கிறிஸ்தவராகியிருந்தார். புத்தரக்கித தேரர் 1967இல் சிறையிலேயே இறந்தார். இலங்கையில் இறுதியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் மாதத்திலாகும். அதன் பின்னரும் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தே வருகின்றன. ஆயின் அவை நிறைவேற்றப்படவில்லை.