பற்றாசு நீக்கும் கருவிகள்

பற்றாசு நீக்கல் என்பது மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கப்பட்ட உறுப்பொன்றை எடுப்பதற்காக, இணைப்பிலுள்ள பற்றாசை உருக்கி அகற்றும் செயலாகும். பேச்சு வழக்கில் இது டீசால்டரிங் எனப்படுகிறது. பழுதுபார்ப்பில் பற்றவைப்பதைவிட எடுப்பதே கடினமானது. மிகுந்த சூடோ அவசர இழுப்போ பலகையின் செப்புத் தடத்தைப் பெயர்த்துவிடும். சில ரூபாய் விலையுள்ள மின்தேக்கிக்காக முழுப் பலகையையும் இழக்க நேரிடுவது இவ்வாறுதான்.

உருகுநிலை

63 விழுக்காடு வெள்ளீயமும் 37 விழுக்காடு ஈயமும் கொண்ட பற்றாசு 183 °செ வெப்பநிலையில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் மின்னணுக் கருவிகளில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பின்னர்ப் பரவலான வெள்ளீயம்-வெள்ளி-செப்புக் கலவை ஏறத்தாழ 217 °செ-இல்தான் உருகத் தொடங்குகிறது. எனவே பழைய வானொலிப் பலகை எளிதில் இளகும். புதிய பலகை அடம்பிடிக்கும். அத்தகைய இணைப்பில் ஈயமுள்ள பற்றாசைச் சிறிது சேர்த்து உருக்கினால் கலவையின் உருகுநிலை தாழும். செலவில்லாத இந்த உத்தி, விலையுயர்ந்த கருவிகள் பலவற்றின் தேவையைக் குறைத்துவிடுகிறது.

கருவிகள்

மலிவானது உறிஞ்சி. குழாய்க்குள் வில்விசையால் இயங்கும் உந்துதண்டை அமுக்கிவைத்து, இணைப்பு உருகியதும் பொத்தானை அழுத்தினால் பற்றாசு உள்ளே இழுக்கப்படும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இதன் மூக்கு வெப்பந்தாங்கும் டெஃப்லானால் ஆனதா என்று பார்த்து வாங்க வேண்டும். மூக்கின் நுனியில் சிறு சிலிக்கோன் குழாய்த் துண்டைச் செருகினால் காற்று புகாமல் இணைப்பின்மீது படியும். உறிஞ்சும் ஆற்றல் வியக்கத்தக்க அளவு கூடும். ஜப்பானிய எஞ்சினியர் நிறுவனத்தின் உறிஞ்சி இந்த அமைப்புடனேயே விற்கப்படுகிறது.

இளக்கி தோய்ந்த செப்புப் பின்னல் நாடா, தட்டையான பரப்புகளுக்கு ஏற்றது. நாடாவையும் பற்றவைப்புக்கோலையும் ஒருசேர எடுக்க வேண்டும். கோலை முதலில் எடுத்தால் நாடா ஒட்டிக்கொண்டு செப்புத் தடத்தையும் பெயர்த்துவிடும். பழைய தொலைக்காட்சிக் கம்பிவடத்தின் செப்புப் பின்னலில் இளக்கி தடவியும் பயன்படுத்தலாம். பல கால்களையுடைய ஐ.சி.க்களுக்குத் துருவேறா எஃகாலான உள்ளீடற்ற ஊசிகள் உதவும். பற்றாசு அவற்றில் ஒட்டாது.

சூடான மூக்கும் வெற்றிடப் பம்பும் இணைந்த நிலையங்கள் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ளவை. மாதம் ஓரிரு பலகைகளைத் திறப்பவருக்கு இவை வேண்டியதில்லை. அப்பணத்தில் வெப்பக் கட்டுப்பாடுள்ள 50 அல்லது 60 வாட் பற்றவைப்புக்கோல் வாங்குவதே முறை. அகன்ற செப்புப் பரப்புடன் சேர்ந்த இணைப்பை 25 வாட் கோல் உருக்கத் திணறும். எந்த உறிஞ்சியாலும் அக்குறையை ஈடுசெய்ய முடியாது.

பழனி மலைப்பகுதியில்

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் இருந்து மதுரை ஏறக்குறைய 120 கி.மீ. தொலைவிலும், சென்னை ரிச்சி தெரு அதைவிட மிகத் தொலைவிலும் உள்ளன. ஆகவே உறிஞ்சிக்கு மாற்று மூக்கும் அடைப்பு வளையமும் சேர்த்து வாங்கிவைப்பது நல்லது. மூடுபனியின் ஈரத்தில் செப்பு நாடா விரைவில் கறுக்கும். கறுத்த நாடா பற்றாசை ஏற்காது. அதைக் காற்றுப்புகாத உறையில் வைக்க வேண்டும்.

குளிருக்காகச் சன்னல்களை அடைத்துக்கொண்டு வேலை செய்வது தீங்கானது. இளக்கியின் புகை ஆஸ்துமாவைத் தூண்டவல்லது. சிறு மின்விசிறியால் புகையை முகத்திலிருந்து விலக்கி வெளியேற்ற வேண்டும். சுவர் மின்சாரத்தில் இயங்கும் கருவியின் பெரிய மின்தேக்கியில், இணைப்பைத் துண்டித்த பின்னும் ஏறத்தாழ 325 வோல்ட் வரை தேங்கியிருக்கக்கூடும் என்பதால், அதை மின்தடை வழியாக வெளியேற்றிய பின்னரே பலகையைத் தொடலாம்.

உறிஞ்சியில் சேரும் துணுக்குகளில் ஈயம் உண்டு. வைகைக்கும் அமராவதிக்கும் நீர் தரும் மலை இது. கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையொன்று பாதரசக் கழிவுச் சிக்கலால் 2001-இல் மூடப்பட்டது. வீட்டுப் பழுதுபார்ப்பில் சேரும் ஈயம் அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் குப்பையோடு கொட்டாமல் மூடியுள்ள புட்டியில் சேர்த்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் உண்பதற்கு முன் கைகளைச் சோப்பால் கழுவ வேண்டும்.