'கூடும்' என்ற ஒரு சொல்: இங்கிலாந்தில் தேவை மதிப்பீட்டு மறுப்பும் மேல்முறையீடும்

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டு குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தில் 36ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவைத் தமிழில் சொல்லப் புகுந்தால், பாரம் முழுவதும் 'கூடும்' என்ற துணைவினையின் மேல் இறங்கும். குழந்தைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கிறது அல்லது இருக்கக்கூடும். அதற்கான ஏற்பாட்டைக் கல்வி, உடல்நலம், பராமரிப்புத் திட்டம் ஒன்றின் வழியே செய்ய வேண்டிவரக்கூடும். உள்ளூர்க் கவுன்சில் இவ்விரண்டையும் ஏற்றால் மதிப்பீடு செய்தே ஆக வேண்டும். வாசற்படி இவ்வளவு தாழ்வாக இருந்தும் பெற்றோர் தீர்ப்பாயம் வரை நடக்க வேண்டியிருப்பது ஏன்? சட்டம் கேட்காத கேள்விக்கு மறுப்புக் கடிதங்கள் பதில் சொல்கின்றன என்பதே என் வாதம்.

ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். வகுப்பில் அவன் வாய் திறப்பதில்லை; யாருக்கும் தொந்தரவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் நடைவழியில் விழுந்து ஒரு மணி நேரம் கத்துகிறான். பெற்றோர் விண்ணப்பித்த ஆறு வாரத்துக்குள் கடிதம் வருகிறது: வாசிப்பு வயதுக்கேற்ற அளவில்தான் இருக்கிறது, பள்ளி தன் பங்கான 6,000 பவுண்டை இன்னும் செலவிட்டு முடிக்கவில்லை, ஆகவே மதிப்பீடு தேவையில்லை. ஒரு மாணவரின் கூடுதல் உதவிக்கு ஆண்டுக்கு முதல் 6,000 பவுண்டு வரை பள்ளியே ஏற்க வேண்டும் என்பது நிதி ஒதுக்கீட்டு ஏற்பாடு மட்டுமே. 36(8)இல் அந்தத் தொகை இல்லை, வாசிப்பு வயதும் இல்லை. 'தேவைப்படக்கூடுமா' என்று சட்டம் கேட்டதை, 'தேவை என்று நிரூபித்துவிட்டீர்களா' என்று கடிதம் மாற்றிவிடுகிறது. தேவையைக் கண்டறியத்தான் மதிப்பீடு. அதைப் பெறுவதற்கே அதன் முடிவைக் கொண்டுவரச் சொல்வது தலைகீழ்.

கவுன்சில் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பள்ளி தக்க முயற்சி எடுத்தும் குழந்தை எதிர்பார்த்த அளவு முன்னேறவில்லையா என்று பார்க்கும்படி 2015ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வித் தேவை நடைமுறைத் தொகுப்பே கூறுகிறது. ஆனால் உள்ளூர் அளவுகோல்கள் வழிகாட்டிகளே, தேவையானபோது அவற்றை விட்டு விலக ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அதே தொகுப்பின் சொல். 2016இல் கேம்பிரிட்ஜ்ஷயர் கவுன்சில் வழக்கில் மேல் தீர்ப்பாயம் இதைத் தெளிவாக்கியது: இந்தக் கட்டத்தில் எடுக்கும் முடிவு தற்காலிகமானது, வரப்போவதைக் கணித்துச் சொல்வது.

லண்டன் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் அதே சட்டத்தின் 20(4). வீட்டு மொழி பள்ளி மொழியிலிருந்து வேறுபடுகிறது என்ற ஒரே காரணத்தால் குழந்தைக்குக் கற்றல் சிரமம் உண்டு என்று கொள்ளக் கூடாது என்கிறது அது. பிள்ளைக்கு முத்திரை விழாமல் காக்க வந்த விதி. 'வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு தாமதம்' என்று தள்ளிவிட அதையே பயன்படுத்தினால் அது புரட்டு. அந்தக் குழந்தைக்குத் தமிழிலும் பேச்சு வரவில்லை என்றால் மொழி வேறுபாடு எப்படி விளக்கமாகும்?

இந்த நழுவலுக்கு வேர் அமைப்பிலேயே இருக்கிறது. மதிப்பிடுவதும் கவுன்சில்; திட்டத்தில் எழுதிய கல்வி ஏற்பாட்டை 42ஆம் பிரிவின்படி செய்து தர வேண்டியதும் கவுன்சில். இந்த நலமுரணை மக்களவையின் கல்விக் குழு 2006இலேயே சுட்டிக்காட்டி, இரண்டையும் பிரிக்கச் சொன்னது. பிரிக்கவில்லை. தோற்றாலும் கவுன்சில் பொதுவாகப் பெற்றோரின் செலவைக் கொடுக்க வேண்டியதில்லை. தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அதற்கு மிச்சம்தான்.

2022–23 கல்வியாண்டில் சுமார் 14,000 மேல்முறையீடுகள் பதிவாயின. தீர்ப்பு வரை சென்றவற்றில் 98 விழுக்காடு பெற்றோர் பக்கம் முடிந்தன. இந்த எண்ணை மேடையில் வீசுவோர் இரண்டை மறக்கிறார்கள். இதில் பள்ளித் தேர்வு, திட்டத்தின் உள்ளடக்கம் பற்றிய வழக்குகளும் உண்டு. அவற்றில் பாதி வெற்றியும் வெற்றியாகிவிடும். மேலும், மேல்முறையீட்டுக்கே போகாமல் கடிதத்தை மடித்து வைத்துவிட்ட பெற்றோர் இந்தக் கணக்கில் இல்லை. எனவே எல்லா மறுப்பும் தவறு என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. வழக்காடும் தெம்பும் ஆங்கிலமும் உள்ள வீட்டுக்கே சட்டம் முழுதாகக் கிடைக்கிறது என்ற ஐயத்தை மட்டும் இது வலுவாக்குகிறது. என் பார்வையில் தோல்வி விகிதத்தைவிடப் பெரிய குறை இதுவே.

மதிப்பீட்டு மறுப்பு வழக்குகள் பெரும்பாலும் நேரில் விசாரிக்கப்படாமல் ஆவணங்களைக் கொண்டே முடிகின்றன. கவுன்சில் மறுத்த நாளோடு சான்று நின்றுவிடுவதில்லை. பின்னர் வந்த பேச்சுச் சிகிச்சையாளர் அறிக்கையையும் தீர்ப்பாயம் பார்க்கும். சமரசப் பேச்சில் உட்கார வேண்டிய கட்டாயமில்லை, அதைக் கருதிப் பார்த்ததற்கான சான்றிதழ் போதும். கெடு, மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து இரண்டு மாதம் அல்லது சான்றிதழ் தேதியிலிருந்து ஒரு மாதம், இவற்றில் எது பிந்தியதோ அது. கட்டணம் கிடையாது.